பெயர் வராத கண்

என் சித்தி மகள், தன் வாழ்வில் எது நடந்தாலும் முதலில் எனக்குத்தான் சொல்வாள். வயதுக்கு வந்ததை அவளுடைய அம்மாவுக்கு முன்பு எனக்குச் சொன்னாள். கல்லூரியில் ஒரு பாடத்தில் தோற்றதை எனக்கு மட்டும் சொன்னாள். சித்திக்கு அது இன்றும் தெரியாது. அவளைவிட நான் ஏழு மாதம் மூத்தவள். அந்த ஏழு மாதத்துக்காக என்னை அக்கா என்று கூப்பிடுவாள், அதே வாக்கியத்தில் நீ, வா, போ என்றும் பேசுவாள். நான் படித்து வாங்கிய பட்டம், தேர்வெழுதி வாங்கிய வேலை எல்லாவற்றையும்விட எனக்கு உள்ளூரப் பெருமை தந்தது இந்த இடம்தான். அவளுக்கு நான் முதல் ஆள்.

அந்த இடம் என்னைவிட்டுப் போனதையும், போனபோது வந்த பொறாமையையும் எழுதுகிறேன். பொறாமை என்ற சொல்லுக்குப் பதிலாக வருத்தம், ஏக்கம் என்று போட்டுப் பார்த்தேன். பொருந்தவில்லை.

நான் மென்பொருளைச் சோதிக்கிற வேலையில் இருக்கிறேன். அலுவலகம் சென்னையில், நான் உட்காருவது நீடாமங்கலத்தில் எங்கள் வீட்டு மாடி அறையில். ஒரு செயலியில் புதிதாக ஒரு வசதி வந்தால், அது யாருக்கு உதவும், எங்கே உடையும், வேண்டாத கையில் கிடைத்தால் என்ன ஆகும் என்று வரிசையாக எழுதிக் கொடுக்க வேண்டும். இதையே நாள் முழுக்கச் செய்வதால் சொந்த போனைக்கூட அப்படித்தான் பார்க்கிறேன்.

ஸ்டேட்டஸ் என்கிற வசதியைப் பற்றி எழுதச் சொல்லியிருந்தால், அதன் முதல் பலனாக எங்கள் பக்கத்துச் சண்டைகள் ஓய்ந்ததைக் குறிப்பிட்டிருப்பேன். எங்கள் சொந்தத்தில் பாதிப் பகை, “எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லலை” என்பதில் தொடங்கும். பத்திரிகை கொடுத்தாலும் போதாது, வாயால் சொல்ல வேண்டும். தபாலில் வந்த பத்திரிகையை வாங்கி வைத்துக்கொண்டு கல்யாணத்துக்குப் போகாமல் இருந்த பெரியப்பா எங்களுக்கு உண்டு. ஸ்டேட்டஸ் வந்த பிறகு அந்தச் சண்டைகள் குறைந்துவிட்டன. ஒரு படத்தைப் போட்டால் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் சொன்ன மாதிரி. யாரும் யாருக்கும் முந்தியில்லை.

குறையும் அதுவேதான். யாரும் யாருக்கும் முந்தியில்லை.

என் தங்கை, அவளை இனி அப்படியே சொல்கிறேன், திருவாரூருக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் இருக்கிறாள். விவசாயம் படித்தவள். சித்தப்பா சிங்கப்பூரில் இருப்பதால் நிலத்தை அவள்தான் பார்க்கிறாள். தினமும் காலையில் வயலில் நின்று ஒரு சிறு வீடியோ எடுத்து ஸ்டேட்டஸ் வைப்பாள். நடவு இயந்திரம் சேற்றில் சிக்கியது, மழையில் முங்கிய பயிர் தலைதூக்கியது, புகையான் பூச்சி தூரில் எங்கே உட்காரும் என்பது. எதையும் அலங்காரமாகச் சொல்ல மாட்டாள். பக்கத்து வீட்டுக்காரியிடம் பேசுவதுபோலப் பேசுவாள். அதனால்தானோ என்னவோ, எங்கள் சொந்தம் முழுக்க அதைப் பார்த்தது. உரக்கடைக்காரர் தன் வாடிக்கையாளர்களுக்கு அனுப்பினார். ஒருமுறை பல்கலைக்கழகத்திலிருந்து மாணவர்களைக் கூட்டிக்கொண்டு வயலைப் பார்க்க வந்தார்கள்.

எங்கள் வீட்டில் காலைக் காப்பியோடு அது ஒரு வழக்கமாகிவிட்டது.

“என்னடி, உன் தங்கச்சி இன்னைக்கு என்ன வெச்சிருக்கா?” என்பாள் அம்மா.

“உன் போன்லயும் வரும்மா. பாரேன்.”

“கண்ணாடிய எங்க வெச்சேன்னு தெரியலை. நீ சொல்லு.”

“புகையானைப் பத்திப் பேசறா.”

“எவ்வளவு தைரியமாப் பேசுது பாரு அந்தப் பொண்ணு. அவங்கப்பா பாத்தப்பகூட அந்த வயல் இப்படி இருந்ததில்லை.” காப்பியை ஆற்றிக்கொண்டே என்னைப் பார்ப்பாள். “நீயும் ஏதாவது வெக்கலாம்ல?”

நான் என்ன வைப்பது? ஒரு பொத்தானை அழுத்தினால் அது வேலை செய்கிறது என்பதையா? என் வேலை நன்றாக நடந்தால் யார் கண்ணுக்கும் எதுவும் தெரியாது. சொந்தக்காரர்கள் வீட்டுக்கு வந்தால், “மாடியிலயே உக்காந்து என்னதான்மா பண்றே” என்று என்னைக் கேட்டுவிட்டு, அடுத்த வாக்கியத்தில் அவளுடைய வயலைப் பற்றிப் பேசுவார்கள். என் குடும்பத்தில் முதல் இன்ஜினியர் நான். அந்தப் பெருமை ஒரு பூச்சியிடம் தோற்றுப்போனது.

பெயரும் புகழும் அவளுக்கு வந்ததில் எனக்கு எரிச்சல் இருந்தது; இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அதைத் தாங்கிக்கொண்டேன். தாங்க முடியாதது வேறு. வயலில் நடந்ததெல்லாம் எனக்கு ஊரோடு சேர்ந்து வந்தது. முன்பெல்லாம் பயிரில் ஏதோ கோளாறு என்றால் எனக்குத்தான் முதலில் போன் வரும். எனக்குப் பயிரைப் பற்றி எதுவும் தெரியாது, அவளுக்கும் அது தெரியும். தெரியாதவளிடம் புலம்புவதில் ஒரு சுகம் என்பாள். இப்போது புலம்ப வேண்டியதில்லை. ஸ்டேட்டஸ் வைத்தால் வேளாண் அலுவலகத்தில் இருப்பவரே பதில் போட்டார்.

அதனால் நான் வேறொரு வகையில் முதல் ஆளாக முயன்றேன். அவள் வைத்த உடனே பார்த்துவிடுவேன். வேலைக்கு நடுவே, கூட்டத்துக்கு நடுவே. ஸ்டேட்டஸ் வைத்தவருக்கு யார் யார் பார்த்தார்கள் என்று பெயர்ப் பட்டியல் தெரியும். அதில் கடைசியாகப் பார்த்தவர் மேலே இருப்பார், முதலில் பார்த்தவர் எல்லாருக்கும் அடியில். தினமும் அடியில் என் பெயர் இருக்க வேண்டும் என்று நினைத்தேன். அவளுக்கு அது புரியும் என்றும் நினைத்தேன்.

ஒருநாள் போனில் கேட்டாள். “அக்கா, நீ வேலை பாக்குறியா, இல்ல எனக்குக் காவல் காக்குறியா?”

“ஏன்?”

“எப்ப வெச்சாலும் அடியில உன் பேருதான் நிக்குது. வாய்க்கா ஓரத்துல கொக்கு நிக்குமே, ஒத்தக் கால்ல, அந்த மாதிரி.”

சிரித்தாள். அவளுக்குப் பக்கத்தில் இன்னொருத்தியும் சிரித்தாள். அந்தக் குரலை எனக்குத் தெரியும். திருவாரூரில் ஒரு மருத்துவமனையில் நர்ஸாக இருக்கிற அவளுடைய தோழி. தேவாலயத் தெருவில் வீடு. ஒரே ஸ்கூட்டரில் இரண்டு பேரும் சுற்றுவார்கள்.

கொக்கு என்றதுகூட எனக்குப் பெரிதாகப் படவில்லை. அந்தப் பட்டியலை அவள் தோழியோடு சேர்ந்து உட்கார்ந்து பார்த்திருக்கிறாள், அதில் என் பெயரைக் காட்டியிருக்கிறாள், இரண்டு பேரும் சிரித்திருக்கிறார்கள் என்பதுதான் எனக்குள் இறங்கியது. “ஆபீஸ் கால் வருது” என்று வைத்துவிட்டேன்.

அன்றைக்கே புளூ டிக்கை அணைத்தேன். அந்த வசதியை நன்றாக யோசித்துத்தான் செய்திருக்கிறார்கள் என்று ஒரு சோதனைக்காரியாக ஒப்புக்கொள்ள வேண்டும். அதை அணைத்தால், நாம் ஒரு செய்தியைப் படித்தோமா என்று அனுப்பியவருக்குத் தெரியாது. நாம் ஒருவருடைய ஸ்டேட்டஸைப் பார்த்தாலும் பட்டியலில் நம் பெயர் வராது. பதிலுக்கு, மற்றவர்கள் நம்முடையதைப் பார்த்தார்களா என்று நமக்கும் தெரியாமல் போகும். ஒளிந்து பார்க்கலாம், ஆனால் இருட்டிலிருந்து பார்க்க வேண்டும். நியாயமான ஏற்பாடு. அலுவலகத்தில் எப்போதும் தொந்தரவு, அதனால் அணைத்துவிட்டேன் என்று யாராவது கேட்டால் சொல்லத் தயாராக இருந்தேன். யாரும் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு முன்பைவிட அதிகமாகப் பார்த்தேன். முன்பு ஒருமுறை பார்ப்பதை இப்போது திரும்பத் திரும்பப் பார்த்தேன், ஏனென்றால் கணக்கில் வராது. அவள் பேசுவதைவிடப் பின்னால் தெரிவதைப் பார்த்தேன். கார்த்திகையன்று வரப்பில் அகல் ஏற்றி வைத்தாளே, அந்த வீடியோவை எடுத்தது யார்? அவள் இரண்டு கையாலும் காற்றை மறைத்துக்கொண்டிருந்தாள். அப்படியானால் போன் தோழியின் கையில். ஒரு வீடியோவில் வயலோரம் இரண்டு டிபன் பாக்ஸ். இன்னொன்றில் அவள் போட்டிருந்த துப்பட்டா அவளுடையது இல்லை. சோதனை வேலையில் கண்ணைப் பழக்கினால் இப்படியெல்லாம் தெரிந்து தொலைக்கிறது.

இவற்றைப் பற்றி அவளிடம் நான் ஒரு வார்த்தை பேசவில்லை. ஒரு இதயமும் அனுப்பவில்லை. ஒன்றையுமே பார்க்காதவள்போல, “வேலை ஜாஸ்தி” என்று வாரம் ஒரு செய்தி அனுப்புவேன். அவளும் “சரிக்கா” என்று போடுவாள். பேச்சு மெலிந்துகொண்டே போனது.

தை மாதத்தில் ஒரு காலை. அம்மா கண்ணாடியைக் கண்டுபிடித்துவிட்டிருந்தாள்.

“புடவை நல்லா எடுப்பா இருக்குடி. எங்க எடுத்தாளாம்?”

“யாரு?”

“உன் தங்கச்சிதான். நேத்து மன்னார்குடியிலேர்ந்து வந்து பாத்துட்டுப் போனாங்கல்ல. பையன் நல்லா வளத்தியா இருக்கான்.”

என் போனைத் திறந்தேன். அவளுடைய பெயருக்குப் பக்கத்தில் எந்த வட்டமும் இல்லை. அவள் ஒன்றும் வைக்கவில்லை என்றுதான் என் போன் சொன்னது. நெட் இருந்தது. செயலியை மூடித் திறந்தேன், போனை அணைத்துப் போட்டேன், புதிய பதிப்பு இருக்கிறதா என்று தேடினேன். பழுது என்றுதான் மனதார நம்பினேன். அறிக்கைகூட எழுதியிருப்பேன். அம்மாவின் போனில் அவள் பச்சைப் பட்டுப் புடவையில் தலைகுனிந்து காப்பித் தட்டு ஏந்தியிருந்தாள். என் போனில் அவள் இல்லை.

பழுது இல்லை, அதுவும் ஒரு வசதி. ஸ்டேட்டஸ் வைக்கும்போது யார் பார்க்கலாம் என்று தேர்ந்தெடுக்கலாம். “இவர்களைத் தவிர எல்லாரும்” என்று ஒரு வழி உண்டு. வேண்டாத ஆட்களை, மேலதிகாரியை, வம்பு பேசும் சொந்தத்தை ஒதுக்கி வைப்பதற்கு. பெண்களுக்கு மிகவும் உதவுகிற ஏற்பாடு என்று நானே பலருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். அவளுக்கும் நான்தான் சொல்லிக் கொடுத்தேன்.

பெண் பார்க்க வந்ததை எனக்குச் சொல்லவில்லை என்பது ஒன்று. ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டு என்னை மட்டும் தவிர்த்திருக்கிறாள் என்பது இன்னொன்று. உடனே போன் செய்து கேட்டிருக்கலாம். எங்கள் வீட்டுப் பெண்கள் யாரும் அப்படிக் கேட்க மாட்டோம். சொல்ல வேண்டியவர்கள்தான் சொல்ல வேண்டும். கேட்டு வாங்கினால் அது சொன்னதாகாது.

அதன்பிறகு அம்மாவின் போனில் பார்க்க ஆரம்பித்தேன். அம்மாவுக்குச் சந்தோஷம். “பரவாயில்லையே, உனக்கும் அவ மேல பாசம் வந்துடுச்சு” என்றாள்.

அறுவடை நேரம் வந்தது. ஒரு காலை, தன் வயலில் அறுவடை இயந்திரம் இறங்கியதையும், கொள்முதல் நிலையத்தில் ஈரம் அதிகம் என்று சொல்லிவிடுவார்களே என்று நெல்லைத் தார்ச்சாலையில் கொட்டிக் காயவைத்திருப்பதையும் ஸ்டேட்டஸ் வைத்திருந்தாள். வெயிலில் நெல் பொன்போல் கிடந்தது. நான் அதை அம்மாவின் போனில் பார்த்துக்கொண்டே, எல்லாம் இவளுக்குத்தான் அமைகிறது என்று நினைத்தேன். வாய்விட்டுச் சொல்லவில்லை. மதியம் சித்தி அழுதுகொண்டே போன் செய்தாள். ஸ்கூட்டரில் போன தங்கை, தானே கொட்டிய நெல்லில் வழுக்கி விழுந்து, வலது மணிக்கட்டு உடைந்துவிட்டது.

மறுநாள் விடிந்ததும் நானும் அம்மாவும் ரயிலில் திருவாரூர் போய், அங்கிருந்து பஸ்ஸில் சித்தி வீட்டுக்குப் போனோம். தங்கை மாவுக்கட்டோடு கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். தோழி பக்கத்தில் உட்கார்ந்து சாத்துக்குடி உரித்து ஒவ்வொரு சுளையாக அவள் இடது கையில் வைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்தாள்.

“வாங்கக்கா. இங்க உக்காருங்க.”

“பரவாயில்ல, நீ உக்காரு” என்று எதிரே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

“அவ நெல்லுலயே அவளே விழுந்திருக்கா அக்கா. அடுத்தவங்க நெல்லா இருந்தா சண்டையாவது போடலாம்” என்றாள் தோழி. தங்கை சிரித்தாள். என்னைப் பார்த்து, “சாப்பிட்டியா?” என்று மட்டும் கேட்டாள்.

சித்தி சமையலறையிலிருந்து ஒரு தட்டில் கல் உப்பு, காய்ந்த மிளகாய், கடுகு, தெருமண் எல்லாம் எடுத்துக்கொண்டு வந்தாள். “எல்லாம் கண்ணு. தெனம் தெனம் வெக்காதே வெக்காதேன்னு தலையில அடிச்சுக்கிட்டேன். கேட்டாளா இவ?”

“அம்மா, நெல்லு வழுக்கும்மா. அது அறிவியல்.”

“அந்த அறிவியல் இத்தினி நாளா எங்க போச்சு? கிழக்கப் பாத்து உக்காரு.” தோழியைப் பார்த்து, “நீயும் உக்காரு தாயி. அவகூடவே சுத்தறே” என்றாள். தோழி சந்தோஷமாகத் தங்கையை ஒட்டி உட்கார்ந்துகொண்டு, “எங்க வீட்லயும் சுத்துவாங்க ஆன்ட்டி. அம்மா சிலுவை போட்டுட்டு அப்புறம் மிளகா எடுப்பாங்க” என்றாள்.

எனக்கு யாரும் சுற்றிப் போடவில்லை. எனக்கு யாரும் கண் வைக்கப் போவதில்லை.

சித்தி கையில் உப்பை அள்ளியபடி ஒரு கணம் நின்றாள். “ஊருக் கண்ணு, ஒறவுக் கண்ணுன்னு மொத்தமாச் சொல்றதுக்கு, ஒன் போன்லதான் யாரு யாரு பாத்தாங்கன்னு பேரே வருமே. அதப் படிச்சுட்டா என்ன?”

அம்மாவுக்கு அது உடனே பிடித்துவிட்டது. “ஆமாண்டி. பேரு சொல்லிப் போட்டா இன்னும் பலமாத்தான் இருக்கும்.”

தங்கைக்குக் கட்டு போட்ட கை. தோழி கிழக்கே பார்த்து உட்கார்ந்தாயிற்று. அதனால் போனை என்னிடம் கொடுத்தார்கள். நேற்றுக் காலை வைத்த ஸ்டேட்டஸ். ஒரு நாள் முடிய இன்னும் சற்று நேரம் இருந்ததால் அழியாமல் இருந்தது. பட்டியலைத் திறந்தேன். அத்தனை நாளும் என் பெயர் எங்கே நிற்கிறது என்று தவித்த பட்டியலை முதன்முறையாகக் கண்ணால் பார்த்தேன்.

“படிம்மா” என்றாள் சித்தி. கை சுற்ற ஆரம்பித்தது.

“டிராக்டர் அண்ணன். உரக்கடை. கேஸ் சிலிண்டர். டியூஷன் மிஸ்.”

“அந்த மிஸ்ஸு பாக்கும். அதுக்கு ரெண்டு சுத்து.”

“கூத்தாநல்லூர் துணிக்கடை பாய்.”

“அவரு பாவம், நல்ல மனுஷன். சரி, மேல போ.”

“மன்னார்குடி.”

தங்கை தலையைக் குனிந்துகொண்டாள். தோழி அவள் விலாவில் இடித்தாள். சித்தி அந்தப் பெயருக்கு மட்டும் கையைச் சுற்றாமல் நிறுத்தி, “அடுத்தது” என்றாள்.

“பெரியம்மா நீடாமங்கலம்.”

“என்னையுமா?” என்றாள் அம்மா. “சுத்து, சுத்து. பெத்த கண்ணுகூடப் படும்பாங்க.”

அம்மாவின் பெயரில் இருந்தது என்னுடைய கண். அதற்கும் சேர்த்து ஒரு சுற்று விழுந்ததைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பட்டியல் முடிந்தது. “ஒம்பேரு வரலியே” என்றாள் சித்தி.

“இவ எங்க பாக்குறா. இவளுக்கு மாடியே கதி” என்றாள் அம்மா.

“நல்லதாப் போச்சு. இந்தப் பொண்ணு கண்ணு எம் பொண்ணு மேல பட்டதே இல்லை” என்று சொல்லிவிட்டுச் சித்தி அடுப்புக்குப் போனாள். அம்மாவும் பின்னால் போனாள். மிளகாய் அடுப்பில் விழுந்த சத்தம் கேட்டது. இருமல் வரவில்லை. நெடி வராவிட்டால் கண் பட்டது உண்மை என்று அர்த்தம். “பாத்தியா, பாத்தியா” என்று இரண்டு சகோதரிகளும் உள்ளே பேசிக்கொண்டார்கள். தோழிக்கு மருத்துவமனையிலிருந்து அழைப்பு வர, வாசலுக்குப் போனாள்.

நாங்கள் இரண்டு பேர் மட்டும் இருந்தோம்.

“பெரியம்மா சொன்னது நெசமா? நீ ஒண்ணுகூடப் பாக்கலியா?” என்றாள் தங்கை.

நான் அவளுடைய போனைக் கட்டில்மேல் வைத்தேன்.

“ஐப்பசிலேர்ந்து உம் பேரே வரலை. முன்னயெல்லாம் அடியில நிப்பே. திடீர்னு இல்ல. நானும் தெனம் பாக்குறேன், மேலேர்ந்து அடி வரைக்கும். ஏதோ கோவம்னு நெனச்சேன். அப்புறம் நம்ம பொழப்பு அவளுக்கு எதுக்குன்னு விட்டுட்டியோன்னு நெனச்சேன்.”

“அதுக்காக என்னைத் தவிர எல்லாருக்கும் வெப்பியா?”

“தெரிஞ்சுடுச்சா?” அவள் கொஞ்சமும் வெட்கப்படவில்லை. “நீ பாக்கலாம்னு இருந்தா உம் பேரு வருதான்னு தேடிக்கிட்டே இருப்பேன். உன்னால பாக்கவே முடியாதுன்னு பண்ணிட்டா, தேட வேணாம்ல. அதான்.”

இதை நான் எதிர்பார்க்கவில்லை. எந்த வசதியை எழுதும்போதும் அதை யார் எப்படியெல்லாம் பயன்படுத்துவார்கள் என்று யோசிப்பது என் வேலை. இப்படி ஒரு பயன் என் யோசனையில் வந்ததே இல்லை.

“பாத்தேன்” என்றேன். “எல்லாத்தையும் பாத்தேன். புளூ டிக்கை அமுத்தி வெச்சிருக்கேன்.”

“பொய்.”

“கேளு.”

“தீபாவளிக்கு முந்தின வாரம்?”

“மூழ்கின பயிர். நீ ரப்பர் செருப்புல ஒண்ணைத் தொலைச்சுட்டு ஒத்தக் கால்ல நின்னே. அதுக்கு அடுத்த நாள் அவ செருப்பைப் போட்டிருந்தே.”

“கார்த்திகைக்கு?”

“வரப்புல அகல். எடுத்தது அவ. மூணாவது அகல் அணைஞ்சப்ப அவ சிரிக்கிறது கேட்டுச்சு.”

தங்கை என்னை உற்றுப் பார்த்தாள். “நான் வயலை எடுத்தா நீ அவளையே பாத்திருக்கே.”

“ஆமா.”

“பொறாமையா?”

“ஆமா.”

அவள் முகத்தில் மெல்ல ஒரு சிரிப்பு பரவியது. இரக்கம் இல்லை, மன்னிப்பு இல்லை. நல்ல விளைச்சலைப் பார்த்தவளின் சிரிப்பு. “இத அப்பவே சொல்லியிருக்கலாம்ல. நீ வயிறெரியணும்னுதானே பாதி ஸ்டேட்டஸ் வெச்சேன். சம்பளம் வாங்கறவ, ஏசி ரூம்ல உக்காந்திருக்கறவ, இவளுக்கு என்னத்தக் காட்டறதுன்னு யோசிச்சு யோசிச்சு வெச்சேன். வீணாப் போச்சுன்னு நெனச்சேன்.”

“வீணாப் போகல” என்றேன்.

பிறகு மன்னார்குடிக்காரர்களைப் பற்றிச் சொன்னாள். பையனைப் பிடித்திருந்தது. கல்யாணத்துக்குப் பிறகும் நிலத்தைத் தானே பார்ப்பேன் என்று இவள் சொல்லியிருக்கிறாள். யோசித்துச் சொல்கிறோம் என்று போயிருக்கிறார்கள். பதில் வரவில்லை. “வந்தா உனக்குத்தான் மொதல்ல” என்று அவள் சொல்வாள் என்று காத்திருந்தேன். தோழி உள்ளே வந்துவிட்டாள். பேச்சு எலும்பு சேர எத்தனை வாரம் என்பதற்குப் போய்விட்டது.

திரும்பி வரும் ரயிலில் புளூ டிக்கை மறுபடி போட்டேன். தவிர்த்தவர் பட்டியலிலிருந்து என்னை எடுத்துவிட்டதாக அவளும் செய்தி அனுப்பினாள். இடது கையில் தட்டியதால் எழுத்தெல்லாம் பிழை.

சில நாள் கழித்து ஒரு காலை அவள் பெயருக்குப் பக்கத்தில் வட்டம் தெரிந்தது. விரல் வைக்கப் போய் நிறுத்தினேன். இப்போது பார்த்தால் என் பெயர் பட்டியலில் வரும். உடனே பார்த்தால் மறுபடி கொக்கு. அவளும் தோழியும் சேர்ந்து பார்ப்பார்கள். தேடட்டும் என்று நினைத்தேன். மேலிருந்து அடிவரைக்கும் ஒருநாள் நன்றாகத் தேடட்டும். ஒருத்தி தேடுகிறாள் என்று தெரிந்துகொண்டு பார்க்காமல் இருப்பதில் இவ்வளவு சுகம் இருக்கும் என்று எனக்குத் தெரியாது. அன்று என் வேலைகூட வேகமாக ஓடியது. அம்மா, “இன்னைக்கு ஒண்ணும் வெக்கல போலருக்கே அவ” என்றாள். கண்ணாடி போடாமல் பார்த்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன்.

சாயங்காலம் அவள் போன் செய்தாள்.

“இன்னுமா பாக்கலே?”

“வேலை ஜாஸ்தி. என்ன வெச்சிருக்கே?”

“உனக்கு மட்டும்தாங்க்கா வெச்சேன். வேற யாருக்கும் இல்ல. லிஸ்ட்ல ஒரே ஒரு பேரு வரணும். காலையிலேர்ந்து பாத்துக்கிட்டு உக்காந்திருக்கேன், அந்த ஒண்ணு வரமாட்டேங்குது.”

“போன் பண்ணியிருக்கலாம்ல.”

“நீயாப் பாக்கணும்னு இருந்தேன். சாயங்காலம் வரைக்கும் வாயைக் கட்டிக்கிட்டு இருந்தேன், எங்கம்மாகிட்டகூடச் சொல்லாம. அதுக்குமேல முடியலை. இப்பத்தான் ஒரு அஞ்சு நிமிஷம் முன்னாடி இவகிட்ட சொன்னேன்.”

பின்னாலிருந்து அந்தக் குரல் உற்சாகமாக வந்தது. “அக்கா, மன்னார்குடியில ஒத்துக்கிட்டாங்க, காலையில மாப்பிள்ளையே மெசேஜ் போட்டிருக்காரு. நெலத்தை இவளே பாத்துக்கலாமாம். ட்ரீட் கேளுங்க அக்கா.”

மாடி ஜன்னலுக்கு வெளியே ரயில்வே கேட்டைச் சாத்தினார்கள். இந்தப் பக்கம் ஒரு வரிசை, அந்தப் பக்கம் ஒரு வரிசை, வண்டிகள் நிற்க ஆரம்பித்தன.

“ஸ்பீக்கரை ஆஃப் பண்ணு” என்றேன். “பண்ணிட்டு, முதல்லேர்ந்து நீ சொல்லு.”